தலைக்கு மேலே போகும் காற்று

எங்கள் பக்கம் வைகாசி கடைசியில் வீட்டுக்கு வீடு ஒரு வேலை நடக்கும். கூரைத் தகரத்தின் மேல் ஏறிப் பாரம் வைப்பது. பழைய லாரி டயர், உடைந்த அம்மி, செங்கல், எது கையில் கிடைக்கிறதோ அது. ஆனியில் காற்று பிடித்துவிட்டால் புரட்டாசி வரை விடாது, அதற்குள் செய்துவிட வேண்டும். பணகுடியிலிருந்து காவல்கிணறு வரும் ரோட்டில் அந்த மாதங்களில் பைக் ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எல்லோரும் வண்டியை மேற்கே கொஞ்சம் சாய்த்தபடியே ஓட்டுவார்கள், பக்கத்தில் ஒரு பெரிய லாரி முந்திக்கொண்டு போய் ஒரு நொடி காற்றை மறைத்தால் போதும், சாய்ந்த பக்கமே வண்டி இழுத்துக்கொண்டு போகும். அந்த ஒரு நொடியில் விழுந்து கை உடைத்தவர்களை எனக்குத் தெரியும்.

என் அக்கா மகன் பொறியியல் படிக்கிறான். எதிர்கால எரிசக்தி பற்றி எது வந்தாலும் எனக்கு அனுப்பிவிடுவான். ஹைட்ரஜன், தோரியம், அணுக்கரு இணைவு, விண்வெளியில் சூரியத் தகடு விரித்து அங்கிருந்து மின்சாரத்தைக் கீழே அனுப்புவது வரை. அனுப்பிவிட்டு, "மாமா, இதுல எது முதல்ல வரும்?" என்று கேட்பான். அவனுடைய ஆர்வம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் எனக்குள் ஒரு பதில் வந்து நிற்கிறது, அதைப் போனில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். இன்னும் யாரும் தொடாத எரிசக்தி என்று நாம் தேடுவது எங்கள் ஊரில், நாற்பது வருஷமாகக் காற்றாலை நிற்கிற அதே ஆரல்வாய்மொழிக் கணவாயில், அந்தக் காற்றாலைகளின் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது.

2003இல் ஐ.டி.ஐ. முடித்த கையோடு காற்றாலைப் பராமரிப்பு வேலைக்குப் போனேன், பத்து வருஷம் இருந்தேன். காற்றாலை என்று நாங்கள் யாரும் சொல்வதில்லை. ஊர்க்காரர்களுக்கு அது காத்தாடி, எங்களுக்கு மிஷின்.

ஆரல்வாய்மொழிக் கணவாயை வரைபடத்தில் பார்த்தால் ஒரு சின்ன இடைவெளிதான். மேற்குத் தொடர்ச்சி மலை கிட்டத்தட்ட முடிகிற இடம். அரபிக்கடலில் இருந்து வருகிற தென்மேற்குப் பருவக்காற்றை மலை மொத்தமாகத் தடுத்து நிறுத்துகிறது, நிறுத்தப்பட்ட காற்று எங்கே சந்து கிடைக்கிறதோ அங்கே நெருக்கிக்கொண்டு பாய்கிறது. தண்ணீர்க் குழாயின் வாயைப் பெருவிரலால் பாதி அடைத்தால் எப்படிப் பீய்ச்சுமோ அப்படி. தமிழ்நாட்டுக்கு இப்படி நாலு சந்துகள் உண்டு. பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. மழையை மலைக்கு மேற்கே நாஞ்சில் நாட்டு வயல்களில் இறக்கிவிட்டு வறண்ட காற்றாக இந்தப்பக்கம் வரும். அதனால்தான் கணவாய்க்கு அந்தப்பக்கம் நெல்லும் வாழையும், இந்தப்பக்கம் ராதாபுரம் வட்டாரத்தில் பனையும் உடைமரமும். காத்தாடி வந்துதான் மழை போச்சு என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை, நிலத்தை ஏக்கர் கணக்கில் குறைந்த விலைக்கு விற்றுவிட்டு அதே நிலத்தில் மற்றவர் காசு பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு இருப்பவருக்கு வருத்தம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்த மண் மிஷின் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே மழை மறைவுப் பகுதிதான்.

1986இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் அரசு சோதனையாக வைத்தவை 55 கிலோவாட் மிஷின்கள். அடுத்த பத்து வருஷத்தில் எங்கள் கணவாயில் இருக்கும் முப்பந்தல் காற்றாலைக் காடாக மாறியது. அதற்குக் காரணம் காற்று மட்டும் இல்லை, வருமான வரிச் சலுகையும். மிஷினின் விலை மொத்தத்தையும் முதல் வருஷமே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. கோயம்புத்தூர், ராஜபாளையம், திருப்பூர் நூற்பாலைக்காரர்கள் ஆளுக்கு ஒன்று இரண்டு என்று வாங்கி வைத்தார்கள். இங்கே காற்றில் விளைந்த யூனிட்டை அரசுக் கம்பியில் விட்டு, அங்கே மில்லில் எடுத்துக்கொள்ளலாம். சீசனில் மிஞ்சியதைப் பேங்கிங் செய்து காற்று இல்லாத மாதத்தில் கழித்துக்கொள்ளலாம். இப்படித்தான் நம் ஊரில் காற்று மின்சாரம் வளர்ந்தது. எனக்கு அதில் பெருமைதான், இந்தியாவில் வேறு யாரும் அவ்வளவு சீக்கிரம் செய்யவில்லை. ஆனால் அப்படி வளர்ந்ததால் வந்த ஒரு சிக்கல் இன்றுவரை தீரவில்லை.

அதைச் சொல்வதற்கு முன் ஒரு காலை நேரம். 2005 என்று ஞாபகம், ஆடி மாதம். மேலே ஏறும் வேலையை விடியும் நேரத்தில்தான் வைப்போம், காற்று தணிந்திருக்கும். நான் வேலை பார்த்தவை 250 கிலோவாட் மிஷின்கள், 50 மீட்டர் டவர். குழாய் டவருக்குள் ஏணி, இடுப்பில் பெல்ட், தோளில் கிரீஸ் கன். ஏற ஏற உள்ளே கியர் ஆயில் வாசனை ஏறும், முப்பதாவது மீட்டரில் தொடை நடுங்கும், அங்கே ஒரு சின்னத் தட்டில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம். உச்சியில் உள்ள பெட்டியை நசெல் என்போம், ஒரு சின்ன வேன் அளவு இருக்கும். ஜெனரேட்டர், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் அதில்தான். அன்றைக்கு பேரிங்குக்கு கிரீஸ் அடித்துவிட்டு மேல்மூடியைத் திறந்து தலையை நீட்டினேன். கீழே தரையில் சருகு அசையவில்லை. மேலே என் சட்டைக் காலர் படபடவென்று அடிக்கிறது. என்னோடு ஏறியிருந்த மூத்த டெக்னீஷியன், அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம், தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீளமான பெயிண்ட் குச்சியின் நுனியில் கட்டி மேலே உயர்த்திப் பிடித்தார். துண்டு விறைத்துக்கொண்டு நின்றது.

"பாத்தியா மக்கா. நாம கையெட்டுற காத்தத்தான் பிடிக்கோம். நல்ல காத்து இன்னும் மேல போவுது."

அவர் எட்டாவதுக்கு மேல் படிக்காதவர். அவர் சொன்னதைத்தான் பிறகு சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்றாற்றல் நிறுவனம் கணக்காகவே வெளியிட்டது. 100 மீட்டர் உயரத்தில் தமிழ்நாட்டுக்குள் பிடிக்கக்கூடிய காற்று மின்சாரம் சுமார் 33,800 மெகாவாட். அதே நிலத்தில் 120 மீட்டருக்குப் போனால் சுமார் 68,700 மெகாவாட். 150 மீட்டருக்குப் போனால் 95,000 மெகாவாட்டை ஒட்டி வருகிறது. இன்று நம்மிடம் நிற்கும் எல்லாக் காற்றாலையும் சேர்ந்து 11,000 மெகாவாட்டைத் தாண்டும், அவ்வளவுதான்.

இருபது, முப்பது மீட்டர் ஏறினதற்கு இவ்வளவு வித்தியாசமா என்று கேட்கலாம். தரைப்பக்கத்துக் காற்று மரத்திலும் வீட்டிலும் மேட்டிலும் உரசி வேகம் இழக்கிறது, மேலே போகப் போக அந்த உரசல் குறைகிறது. காற்றின் வேகம் கூடினால் அதிலிருந்து எடுக்கும் சக்தி அதே அளவில் கூடாது, வேகம் × வேகம் × வேகம் என்ற மும்மடிக் கணக்கில் கூடும். வேகம் 10 சதவீதம் கூடினால் சக்தி 33 சதவீதம் கூடும். வேகம் இரட்டிப்பானால் எட்டு மடங்கு. அதனால் கீழே சுமார் என்று ஒதுக்கிய இடங்கள்கூட உயரம் ஏறினதும் தேறிவிடுகின்றன. இதோடு இறக்கையின் நீளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் பழைய மிஷினின் இறக்கைகள் சுற்றும் வட்டம் 30 மீட்டர் விட்டம், அதாவது சுமார் 700 சதுர மீட்டர் காற்றை அது மறிக்கும். இன்றைக்கு வைக்கிற மிஷினில் 140 மீட்டர் விட்டம் சாதாரணம், 15,000 சதுர மீட்டருக்கு மேல். கிட்டத்தட்ட 22 மடங்கு. மறித்த காற்றின் சக்தி முழுவதையும் எடுத்துவிட முடியாது என்பதும் உண்மை, முழுவதும் எடுத்தால் காற்று இறக்கைக்குப் பின்னால் அப்படியே நின்றுவிடும், அடுத்த காற்றுக்கு வழி இருக்காது. எவ்வளவு நல்ல மிஷினாக இருந்தாலும் 59 சதவீதம்தான் எல்லை என்று ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் நூறு வருஷத்துக்கு முன்பே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். அந்த எல்லை எங்கள் பழைய மிஷினுக்கும் உண்டு, புதியதற்கும் உண்டு.

இப்போது அந்தச் சிக்கலுக்கு வருகிறேன். தமிழ்நாட்டின் ஆகச்சிறந்த காற்று வீசும் இடங்களில் ஆகப்பழைய, ஆகச்சின்ன மிஷின்கள் நிற்கின்றன. முதலில் வந்தவர்கள் நல்ல இடத்தைப் பிடித்தார்கள், அதில் தவறு இல்லை. ஆனால் முப்பது வருஷம் ஆகிவிட்டது. இன்று அங்கே ஒரு பெரிய மிஷின் வைக்க வேண்டுமென்றால் குறைந்தது ஏழெட்டுச் சின்னதை எடுக்க வேண்டும், ஒன்றின் நிழலில் இன்னொன்று நின்றால் பின்னால் உள்ளதற்குக் காற்று கலங்கி வரும், அதனால் இறக்கை விட்டத்தைப் போல் பக்கவாட்டில் ஐந்து மடங்கு, காற்றுத் திசையில் ஏழு மடங்கு இடைவெளி விடுவது வழக்கமான விதி. அந்த ஏழெட்டு மிஷினுக்கும் ஏழெட்டு முதலாளிகள். ஒருவர் கோவையில், ஒருவர் கரூரில், ஒருவர் இறந்து பிள்ளைகள் பாகப்பிரிவினைக் கேஸில். ஒவ்வொருவருக்கும் மிஷினைச் சுற்றிக் கொஞ்சம் நிலம், நடுவில் விற்காத ஒருவரின் பனந்தோப்பு, போகிற வழி மூன்றாவது ஒருவருடையது. 70 மீட்டர் நீளமுள்ள ஒற்றை இறக்கையை லாரியில் ஏற்றி அந்த வண்டித் தடத்தில் திருப்ப முடியாது. கடன் எப்போதோ அடைந்துவிட்டது, வரிச் சலுகை எப்போதோ வாங்கியாகிவிட்டது, மிஷின் என்னவோ சுற்றுகிறது, வருஷத்துக்கு நாலைந்து லட்சம் யூனிட் சும்மா வருகிறது. எதற்குப் புது முதலீடு? பழைய மிஷினுக்குப் பேங்கிங் சலுகை உண்டு, இடித்துவிட்டுப் புதிது வைத்தால் அது போய்விடும் என்ற பயம் வேறு. என் பழைய முதலாளிகளில் ஒருவரிடம் நேரிலேயே கேட்டிருக்கிறேன். அவர் கெட்டவர் இல்லை, மில்லில் ஆயிரம் கவலை அவருக்கு. "தம்பி, ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்றார்.

பழைய மிஷினைப் புதுப்பிப்பதற்கு என்று மத்திய அரசு 2016இல் ஒரு கொள்கை கொண்டுவந்தது, 2023இல் திருத்தியது. தமிழ்நாடு 2024இல் தனியாகவே ஒன்று கொண்டுவந்தது. நல்லது, ரொம்ப நல்லது. ஆனால் எனக்குத் தெரிந்து தீர்க்க வேண்டிய முடிச்சு நிலத்திலும் ஆட்களிலும் இருக்கிறது. பத்துப் பேரை ஒரு மேசையில் உட்காரவைத்து, உன் பழைய மிஷினுக்குப் பதிலாகப் புது மிஷினில் இவ்வளவு பங்கு என்று எழுதிக்கொடுத்தால் நடக்கும். எங்கள் பக்கத்துக் குளங்களில் மீன் பங்கு அப்படித்தான் பல தலைமுறையாகப் பிரிகிறது. மிஷின் வைக்கப்போகும் ஊரின் பஞ்சாயத்துக்கும் அதில் ஒரு பங்கு இருந்தால், மழையைப் பற்றிச் சொல்லும் பெரியவர்களின் மனசும் மாறும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கழற்றிய இறக்கைகளை என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும், கண்ணாடி இழையும் ரெசினும் சேர்த்து வார்த்த பொருள் அது, இரும்பு மாதிரி உருக்கிவிட முடியாது, ஏற்கனவே சில இடங்களில் வேலிக்குப் பக்கத்தில் வெயிலில் கிடக்கிறது.

உயரம் ஒன்று. இன்னொன்று, பிடித்த காற்றையே நாம் கைவிட்ட கதை. இதைப் பேசும்போது எனக்கு இன்னும் மனசு கனக்கும்.

2012இல் சென்னைக்கு வெளியே இருந்தவர்கள் யாரும் அந்த மின்வெட்டை மறந்திருக்க மாட்டார்கள். ஒரு மணி நேரம் கரண்ட் வரும், ஒரு மணி நேரம் போகும், சில மாதங்களில் ஒரு நாளில் பாதிக்கு மேல் இருட்டு. என் அக்கா மகன் அப்போது ஒன்றாம் வகுப்பு, மண்ணெண்ணெய் விளக்கில் எழுத்து எழுதிப் பழகியவன். அதே காலத்தில், காற்று சீசனில், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எங்கள் சைட்டுக்குப் போன் வரும். "மிஷினை நிறுத்துங்க." காற்று விசிலடித்துக்கொண்டு போகும், நாங்கள் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கண்ட்ரோல் பெட்டியாகப் போய் நிறுத்துவோம். இதற்குப் பெயர் பேக்டவுன். காரணம் விளங்காத விஷயம் இல்லை. மழை பெய்து ஊரெல்லாம் குளிர்ந்திருந்தால் ராத்திரியில் மின்சாரத் தேவை சரிந்துவிடும், நிலக்கரி நிலையத்தை அடுப்பை அணைப்பது போல் உடனே அணைக்க முடியாது, கம்பிக்குத் தாங்குகிற அளவு என்று ஒன்று உண்டு, மொத்தத்தில் வரவும் செலவும் நொடிக்கு நொடி சமமாக இருந்தால்தான் மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸில் நிற்கும். எல்லாம் சரி. ஆனால் பிரேக்கைப் போட்டு இறக்கை நின்றதும், அதன் நடுவே காற்று ஊளையிட்டுக்கொண்டு போவதைக் கேட்டபடி தூரத்தில் இருட்டாகக் கிடந்த வள்ளியூர்ப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற ராத்திரிகளை நான் எப்படி மறப்பது?

அன்றைக்குக் கம்பி போதவில்லை. அப்புறம் கயத்தாறு, தப்பகுண்டு என்று 400 கிலோவோல்ட் துணை மின்நிலையங்கள் வந்தன, நிலைமை எவ்வளவோ மேல். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை வந்திருக்கும் 800 கிலோவோல்ட் நேர்மின் தடம் நிலக்கரி மின்சாரத்தை இங்கே கொண்டுவருவதற்குப் போட்டது, ஆனால் எங்கள் காற்று மிஞ்சும் நாளில் அதே தடத்தில் வடக்கே திருப்பி அனுப்பலாம். கேட்டபோது எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஆனாலும் சேமிப்பு வேண்டும். பேட்டரி என்றதும் எல்லோரும் லித்தியத்தை நினைக்கிறார்கள். நம்மிடம் 1980களிலேயே கட்டிய ஒரு பேட்டரி இருக்கிறது. வால்பாறை மலையில், ஆழியாறுக்கு மேலே, காடம்பாறை. மின்சாரம் மிஞ்சும்போது கீழே உள்ள அணையிலிருந்து மேல் அணைக்குத் தண்ணீரை ஏற்றிவிடுவார்கள், தேவைப்படும்போது அதே தண்ணீரை இறக்கி டர்பைனைச் சுற்றுவார்கள். ஏற்றுவதற்குச் செலவழித்ததில் முக்கால் பங்கு போலத் திரும்பக் கிடைக்கும். 100 மெகாவாட்டில் நாலு, மொத்தம் 400 மெகாவாட். காற்று 11,000, காடம்பாறை 400. நீலகிரியில் குந்தா திட்டம் 500 மெகாவாட் முடிந்தால்கூட ஆயிரத்தை எட்டாது. அணைகள் ஏற்கனவே இருக்கிற மலை நாடு இது, மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரட்டை அணைகளும் இருக்கின்றன. புதிதாகக் காட்டை மூழ்கடிக்காமல், இருக்கும் அணைகளைச் சுரங்கத்தால் இணைத்துச் செய்ய முடிகிற இடங்களை முதலில் எடுக்க வேண்டும். எனக்கு ஒரு தேர்தல் வாக்குறுதி கேட்கும் உரிமை இருந்தால் இதைத்தான் கேட்பேன்.

அக்கா மகன் இதைப் படித்துவிட்டுக் கடலைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே என்பான். சொல்கிறேன். நாகர்கோவிலிலிருந்து இரண்டு மணி நேரத்தில் விழிஞ்ஞம். அங்கே அலைத்தடுப்புச் சுவரை ஒட்டி ஒரு கான்கிரீட் பெட்டியைக் கடலில் இறக்கி 1991இல் மின்சாரம் எடுத்தார்கள், சென்னை ஐ.ஐ.டி. ஆட்கள் செய்தது, 150 கிலோவாட். அலை உள்ளே ஏறும்போது பெட்டிக்குள் இருக்கும் காற்றை மேலே தள்ளும், அலை இறங்கும்போது உள்ளே இழுக்கும், போகிற காற்றானாலும் வருகிற காற்றானாலும் ஒரே பக்கமாகச் சுற்றுகிற மாதிரி டர்பைன். சின்ன வயதில் அப்பாவோடு அங்கே மீன் வாங்கப் போனபோது அது மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். உஸ் என்று இழுக்கும், புஸ் என்று விடும். கல்லுக்குள் ஏதோ ஒன்று தூங்குகிறது என்று அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்தத் திட்டம் இப்போது இல்லை. அதன் பிறகு தூத்துக்குடிக் கடலில் ஆழ்கடலின் குளிர்ந்த நீருக்கும் மேல்நீருக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தில் ஒரு மெகாவாட் எடுக்கப் பார்த்தார்கள், ஒரு கிலோமீட்டர் நீளக் குழாயைக் கடலுக்குள் நிலைநிறுத்த முடியாமல் நின்றுபோனது. ஆனால் அந்த அறிவு வீணாகவில்லை. அதே வெப்ப வித்தியாசத்தை வைத்து லட்சத்தீவில் கவரத்தியில் 2005 முதல் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள், நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர். முயற்சி செய்தவர்களை நான் கும்பிடுவேன். கடலில் இரும்பு போட்டால் என்னாகும் என்று கரையில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும்.

கடலில் அடுத்து வரப்போவது காற்றாலைதான். டென்மார்க் 1991இலேயே விண்டெபியில் 11 மிஷின்களைக் கடலில் நிறுத்திப் பார்த்துவிட்டது, அவை கால் நூற்றாண்டு ஓடிய பிறகே கழற்றப்பட்டன. நமக்கு மன்னார் வளைகுடா. தனுஷ்கோடியில் 100 மீட்டர் கம்பம் நட்டுக் காற்றை அளந்திருக்கிறார்கள், 2024இல் தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட்டுக்கு மத்திய அரசு நிதி உதவியும் அறிவித்தது. கடலில் உரச மரமும் வீடும் இல்லை, காற்று சீராக வரும். ஆனால் அங்கே வலை விரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இடிந்தகரை, கூட்டப்புளி, உவரி ஆட்களிடம் வரைபடத்தை விரித்து எந்தப் பகுதியில் மீன் ஓடுகிறது என்று கேட்டுவிட்டு அப்புறம் தூண் நடவேண்டும். அங்கே வாழ்கிறவர்களைக் கணக்கில் எடுக்காமல் நிலத்தில் செய்த தவறைக் கடலில் செய்யக் கூடாது.

போன ஆடியில் அக்கா மகனை முப்பந்தல் இசக்கியம்மன் கோவிலுக்குக் கூட்டிப்போனேன். விடியவில்லை, லாரிக்காரர்கள் வண்டியை ஓரம் கட்டிக் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், சுடர் நேராக எரிந்தது. சுற்றிலும் என் பழைய மிஷின்கள், நான் கிரீஸ் போட்டவையும் அவற்றில் இருக்கும், ஒன்றுகூட அசையவில்லை. தெற்கே தூரத்தில் புதிதாக வைத்த ஒரே ஒரு பெரிய மிஷின் மட்டும், உச்சியில் சிவப்பு விளக்கோடு, நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"மாமா, இங்க காத்தே இல்லியே?"

டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தோம். அவன் இரண்டாவது டீயை எடுக்கும்போதும் அந்தப் பெரிய மிஷின் நிற்கவில்லை. எட்டு மணி வாக்கில், வெயில் தரையில் விழுந்து கொஞ்ச நேரம் ஆனதும், டீக்கடைத் தார்ப்பாய் ஒருமுறை உதறியது. மேற்கே இருந்த சின்ன மிஷின் ஒன்று மெதுவாகக் காற்றைப் பார்த்து முகம் திருப்பியது, அதற்குப் பின்னால் இன்னொன்று.